கட்டைப்பட்சி

எங்கள் சாந்தா லூசியாவில் பொடிப்பூச்சி கடிக்காத நேரம் என்றால் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான். கொசுவுக்காவது சத்தம் உண்டு, இந்தச் சனியனுக்கு அதுவும் கிடையாது. விடியலிலும் அந்தியிலும் வீட்டுக்கு வீடு தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தபடி உட்கார்ந்திருப்போம். வெளியூர்க்காரர்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள் என்றால் அது எங்கள் முகத்தைப் பார்க்க அல்ல. பறவை பார்க்க.

என் கடை பழைய சுங்க மாளிகைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஓலைத் தொப்பி, பூச்சிக்குத் தடவும் எண்ணெய், தகரக் கண் விற்கிறேன். தகரக் கண் என்றால், இரண்டு கண்களை மட்டும் தகரத்தில் வெட்டிய சின்னத் தகடு. எங்கள் ஊர்ப் புனிதை கண்களுக்குக் காவல். கண்வலிக்காரர்கள் டிசம்பர் திருநாளுக்கு மலைப்பக்கத்திலிருந்தெல்லாம் வந்து, அதை வாங்கிப் புனிதையின் அங்கியில் குத்திவிட்டுப் போவார்கள். திருநாள் முடியும்போது பார்த்தால் அவள் உடம்பெல்லாம் கண்ணாக நம்மையே முறைத்துக்கொண்டு நிற்பாள். அவள் புண்ணியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.

சுங்க மாளிகை ஸ்பெயின்காரன் கட்டியது. மணிலாவிலிருந்து வரும் பட்டுக்கும் மிளகுக்கும் இங்கேதான் வரி வாங்கினானாம். பள்ளிக்கூட வாத்தியார் சொல்வது அது. வரி கொடுக்காமல் இருட்டில் சரக்கை இறக்கியவர்களின் வாரிசுகள்தான் நாமெல்லாம் என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். ஊர்க்காரர்களோடு பழகிப் பார்த்ததில் எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. இப்போது மாளிகைக்குக் கூரை கிடையாது. கருங்கல் சுவரும் தூண்களும், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்து பட்டுப்போன ஓர் அத்திமரமும்தான் மிச்சம். அந்தச் சுவரோரமாகக் கசில்தா வாழைப்பழ ரொட்டி சுடுகிறாள். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு. மணம் கிளம்பினால் படகுத்துறை வரைக்கும் போகும்.

அவள் புருஷன் நசாரியோ படகோட்டி. வெறும் படகோட்டி இல்லை, கட்டைப்பட்சிக்காரர். இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் படகுச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பறவை எங்கே தங்குகிறது என்று யார் முதலில் கண்டாரோ, அந்தப் பறவையைக் கேட்டு வருகிறவர்கள் அவர் படகில்தான் ஏற வேண்டும். கரண்டிமூக்கு நாரைக் கூட்டம் தொரிபியோ குடும்பத்துக்கு. பாம்புக்கழுத்து நீர்க்காகம் இன்னொருவருக்கு. பெண் கேட்டு வரும்போதுகூட, "பையனுக்குப் படகு இருக்கு, பேர் சொல்ற மாதிரி ஒரு பறவையும் இருக்கு" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நசாரியோவுடையது கட்டைப்பட்சி. பகல் முழுக்க முறிந்த மரக்கிளை மாதிரியே, கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அசையாமல் நிற்கும். இராத்திரியில்தான் பறக்கும். அதைப் பார்க்கவென்றே கடல் தாண்டி ஆள் வருகிறது. அதைக் கண்டதால்தான் நசாரியோவுக்குச் சங்கத்தில் முதல் படகு.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், கையெல்லாம் மாவோடு கசில்தா என் கடைக்குள் வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. சத்தம் போடாம வாங்க."

"என்னடி, ரொட்டி கருகிடுச்சா?"

"ரொட்டி கெடக்கட்டும். அந்தப் பட்ட அத்தியைப் பாருங்க. என்ன தெரியுது?"

"அத்திமரம் தெரியுது."

"அதுக்கு மேல?"

"மேல வானம். என்னடி, எனக்கே கண்ணு பரிசோதனையா? நானே கண்ணு விக்கிறவ."

"நடுவுல பாருங்கக்கா. சுவர் முடியுற எடத்துல இருந்து மெதுவா மேல வாங்க. ரெண்டா பிரியுதா? எடதுபக்கம் ஒண்ணு முறிஞ்சு நிக்குதா? அதோட நுனி முறிஞ்ச மாதிரியா இருக்கு?"

நான் பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். முறிந்த கிளை முறிந்த கிளையாகவே இருந்தது. பிறகு திடீரென்று அதற்கு வாய் வந்தது. ஒரு கோடு. அதற்கு மேலே இன்னொரு கோடு, அது மூடிய கண். காற்றடித்தபோது மார்பில் சாம்பல் நிறத்தில் ஓர் இறகு எழும்பி அடங்கியது. இத்தனை வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், படகுக் கூலி கொடுத்து நான் அதைப் பார்க்கப் போனதே இல்லை. என் கடை வாசலிலேயே வந்து நிற்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எப்படி இருக்கு பாரேன்! எப்ப வந்துச்சு?"

"மழை நின்னதுல இருந்து இங்கதான். தெனமும் விடிஞ்சா வந்து நிக்குது. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

"இதுல ஒளிக்க என்னடி இருக்கு? உங்க வீட்டுப் பட்சிதானே?"

"அதைத்தான் சொல்றேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுப் பட்சி இங்க நிக்குது. அப்ப அந்த மனுஷன் தெனம் ஆத்துல ஆளுங்களை ஏத்திட்டுப் போயி எதைக் காட்டுறாரு?"

ஒரு பட்சிதான் இருக்க வேண்டும் என்று சட்டமா, ஜோடியாக இருக்கும் என்றேன். அவளும் அதை யோசித்திருந்தாள். ஆனால் யோசித்துக்கொண்டே இருப்பதைவிட நேரில் போய்ப் பார்த்துவிடலாம், துணைக்கு வாருங்கள் என்றாள். எனக்கும் ஆவல் தாங்கவில்லை. மறுநாள் கடையைப் பூட்டினேன்.

துறையில் எங்களைப் பார்த்ததும் நசாரியோ வாயெல்லாம் பல்லானார்.

"அடேயப்பா, என் பொண்டாட்டி படகு ஏறுறா! கடையைப் பூட்டிட்டு ஒப்தூலியாவும் வருது. மழை கொட்டப் போகுதுங்க, எல்லாரும் குடையை விரிங்க."

"நீ ஓட்டு. நாங்க ஊத்துல குளிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள் கசில்தா.

ஆற்றின் தலைமாட்டில் ஒரு நன்னீர் ஊற்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்துவிட்டு, அங்கேயே தீயில் வாட்டிய மீனைத் தின்றுவிட்டு வருவோம். பொய் சொல்ல வசதியான இடம். படகில் எங்களைத் தவிர வெளியூர்க்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள்.

கண்டல் மரங்களுக்கு நடுவே ஆறு சுரங்கம் மாதிரி போகும். வேர்கள் இருபுறமும் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும். நான் ஆற்றைப் பார்க்கவில்லை, ஓட்டுகிறவரைத்தான் பார்த்தேன். ஒரு வேரில்கூட உரசவில்லை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார், எதிர்ப் படகுக்கு ஒதுங்கினார், தொங்கும் கிளை வந்தபோது "தலை, தலை!" என்று சரியாகக் கத்தினார். கண்ணில்தான் ஏதும் கோளாறோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, இவருக்கா கண் தெரியாது என்று மனசு லேசாகிவிட்டது. போகப் போக வாயும் ஓய்வதாக இல்லை. கரண்டிமூக்கு நாரைகள் இருந்த புதரைக் கடக்கும்போது, "இது தொரிபியோவோட சொத்து. நான் காட்டினா என்னைக் கொன்னுடுவான். நீங்களா பாத்தா எனக்குத் தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வளைவில் என்ஜினை அணைத்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இப்ப யாரும் பேசக் கூடாது. தண்ணியில இருந்து மேல வாங்க. மூணாவது மரம். வெள்ளைக் கறை தெரியுதா? அதுக்குப் பக்கத்துல கட்டை. அது கட்டை இல்ல. அதுதான் எங்க அம்மணி. தூங்குறா. நெஞ்சைப் பாருங்க, மூச்சு விடுறா."

"ஆமா! ஆமா, விடுது!" என்றார் முன்னால் இருந்த ஒரு பெரியவர். பக்கத்திலிருந்த பெண் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒருவர் மெதுவாகக் கை தட்டவும் செய்தார்.

நான் கசில்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அது கட்டை. கறையான் அரித்து, ஒரு பக்கம் பாசி பிடித்த கட்டை. வாயைத் தேடினேன், இல்லை. கண்ணைத் தேடினேன், இல்லை. நேற்று ஒன்றைப் பார்த்துவிட்டபின் எனக்குப் பழகியிருந்தது, இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. கசில்தா பலகையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நசாரியோ முகத்தில் அத்தனை பெருமை. எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

ஊற்றில் மற்றவர்கள் குளிக்க, நாங்கள் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஏமாத்துறாராக்கா, இல்ல கண்ணு தெரியலையா?"

"அவ்வளவு சரியா ஓட்டுறாரேடி."

"ஆத்தை அவரு கண்ணால ஓட்டல. எங்க வீட்டுல இருட்டுல நான் அடுப்படிக்குப் போற மாதிரி ஓட்டுறாரு." கொஞ்ச நேரம் தண்ணீரை அளைந்தாள். "ஏமாத்துறாருன்னு இருந்தா நல்லாருக்கும்க்கா. திருட்டுப்பயலேன்னு கரண்டியால நாலு போட்டுட்டு விட்டுடுவேன். கண்ணுன்னா நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு பெண் தன் புருஷன் அயோக்கியனாக இருக்க வேண்டுமே என்று புனிதையை வேண்டிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கண்ணில் கோளாறு என்றால் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. வெயிலும் உப்புத்தண்ணீரும் பட்டுப் பட்டு எங்கள் படகுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் சதை வளர்கிறது. ஆனால் கண்ணுக்கு என்று ஆஸ்பத்திரிப் படியேறினால் அன்று மாலைக்குள் சங்கத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் படகை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டுத் துறையில் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான். அதனால் எல்லோரும் வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு கசில்தா துப்புத் துலக்க ஆரம்பித்தாள். சட்டையில் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக் கொடு என்றாள். "உன் வேலையை நீ செய்யி, என் வேலையை உன்கிட்டயா குடுக்குறேன்?" என்றாராம். காப்பிக் கோப்பையை வழக்கமான இடத்தில் வைக்காமல் தள்ளி வைத்தாள். "பட்டை போட்டிருக்கியா, மணக்குது" என்று மணத்தைப் பிடித்துக்கொண்டே போய் எடுத்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் ரொட்டி தின்ன வந்தவரை அத்திமரத்தடியில் நிறுத்தி, மேலே கையைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். நான் என் கடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எது?"

"அந்தா, மேல."

அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். "கட்டை" என்றார்.

"வெறும் கட்டையா?"

"பின்ன, சுங்க அதிகாரியா? ரொட்டியைக் குடு, ஆறுது."

அவர் போனதும் கசில்தா அப்படியே என் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இதுல இருந்து என்னக்கா தெரிஞ்சுது? நல்ல கண்ணு இருக்குறவனும் கட்டைன்னுதானே சொல்லுவான்!" என்றாள். அதுவும் சரிதான். நானே கட்டை என்றுதானே சொன்னேன்! சோதனை வைக்க உலகத்தில் வேறு பறவையா கிடைக்கவில்லை என்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திருநாளுக்கு முந்தின நாள் தொரிபியோ கடைக்கு வந்து ஒரு சேதி சொன்னார். அவர் சங்கத் தலைவர். நசாரியோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உரக்கப் பேசுவார், சீக்கிரம் கோபித்துக்கொள்வார். மறுநாள் குவாதலஹாரா நகரத்திலிருந்து, பறவைகளை ஆராய்கிற டாக்டரம்மா அம்பாரோ ஆட்களோடு வருகிறாராம். கட்டைப்பட்சியைப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பாறைக்கும் போக வேண்டுமாம். முழுக்க நசாரியோ படகில்தான்.

"பாறைக்கா? முகத்துவாரம் தாண்டியா?" என்றேன்.

"பின்ன, பாறை என்ன கோயில் வாசல்லயா இருக்கு? அண்ணன் ஒத்துக்கிட்டாரு. இந்த வருஷம் மணல் எங்கெங்கயோ போயி கெடக்கு, போன வாரம் என்னையே ஒரு அலை தூக்கிப் போட்டுது. ஆனா அண்ணனுக்கு என்ன, தூக்கத்துல கூட ஓட்டுவாரு."

வெள்ளைப் பாறை கடலுக்குள் இருக்கிறது. நீலக்கால் பறவைகள் எச்சமிட்டு வெளுத்துப்போன பாறை. அங்கே போக, ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் அங்கே மணல் திட்டுகள் இடம் மாறிவிடும். எந்த அலை எங்கே மடங்குகிறது என்று பார்த்து, பார்த்து, இடைவெளியில் புகுந்து வெளியேற வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. தப்பினால் படகு குப்புறக் கவிழும். அப்படிப் போனவர்களுக்காக எங்கள் கோயிலில் தனியாகவே ஒரு பூசை இருக்கிறது.

இதை நான் கசில்தாவிடம் சொன்னபோது அவள் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "ராத்திரி சாப்பாட்டுக்கு வாங்கக்கா. நீங்க பக்கத்துல இருந்தா நான் கொஞ்சம் கோபப்படாம பேசுவேன்" என்றாள்.

முற்றத்தில் மட்டைப்புகை. மிளகாய் பூசித் தணலில் வாட்டிய மீன், சோள ரொட்டி, எலுமிச்சை. நசாரியோ முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்தார். அது எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் என் கண் அவர் விரலையே பார்த்தது.

"நாளைக்குப் பாறைக்குப் போகாதே" என்றாள் கசில்தா.

"ஏன்?"

"தொரிபியோ ஓட்டட்டும். நீ ஆத்தோட நிறுத்திக்கோ."

"அவன் ஓட்டினா டாக்டரம்மா வாந்தி எடுத்துட்டே வருவாங்க." சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்தினார். "என்ன விஷயம்?"

"அன்னிக்கு நாங்க படகுல வந்தோமே. நீ காட்டினது கட்டை."

"பட்சி."

"கட்டை. கறையான் தின்ன கட்டை. அக்காவும் பாத்தாங்க."

அவர் மீனைத் தட்டில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார், வெளியூர்க்காரர்களிடம் பேசும் அதே குரலில்.

"கசில்தா, யாருக்குமே முதல்ல தெரியாது. இத்தனை வருஷத்துல எவ்வளவு பேர் என்கிட்ட சண்டை போட்டிருக்காங்க தெரியுமா, கட்டையைக் காட்டி ஏமாத்துறேன்னு? அப்புறம் அவங்களே பாத்துட்டு மன்னிப்புக் கேப்பாங்க. உனக்குப் பாக்கத் தெரியல. அவ்வளவுதான்."

"அண்ணே, நானும்..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்கும் தெரியல ஒப்தூலியா. நீ தொப்பி விக்கிறவ."

அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அங்கேயும் ஒன்று இருந்து, நாங்கள்தான் பார்க்கத் தெரியாமல் திரும்பிவிட்டோமோ? கசில்தா முகத்திலும் அதே குழப்பம். பட்சி எங்கே இருக்கிறது என்று அவள் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணு தெரியுதா உனக்கு என்று நேராகவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால், பதிலோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். அது சுலபமில்லை.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தவளிடம், "தொரிபியோகிட்டச் சொல்லிடு. ஆளுங்க உசுரு" என்றேன்.

"சொன்னா நாளைக்கே எறக்கிடுவாங்க. கண்ணு நல்லா இருந்து எறக்கிட்டா, அந்தப் பாவம் எனக்குத்தானே? முதல்ல எனக்குத் தெரியணும்க்கா. தெரிஞ்சுட்டா, நானே எறக்கிடுவேன்."

திருநாள் காலை. கோயிலில் மணி அடித்தபடி இருந்தது, பொடிப்பூச்சி புடுங்கியெடுத்தது, என் கடையில் தகரக் கண் வாங்க வரிசை நின்றது. டாக்டரம்மா நான்கு ஆட்களோடு துறைக்கு வந்து இறங்கினார். ஒல்லியான அம்மா, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் முக்காலி வைத்த தொலைநோக்கி. படகில் கால் வைக்கப் போனவரைக் கசில்தா வழிமறித்தாள்.

"டாக்டரம்மா, வெறும் வயித்தோட ஆத்துக்குப் போகக் கூடாது. முதல்ல என் ரொட்டி. அதோட உங்களுக்குக் காட்ட ஒண்ணு வெச்சிருக்கேன்."

"என்ன காட்டப் போறீங்க?"

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்குப் பேர் சொல்லத் தெரியாது."

பறவைக்காரர்களை இப்படிக் கூப்பிட்டால் நெருப்புக்குள்ளும் வருவார்கள். எல்லோரும் சுங்க மாளிகைக்கு நடந்தார்கள். படகுக்காரர்களும் ரொட்டி இலவசம் என்று நினைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். நசாரியோவும் வந்தார், தொரிபியோவோடு முகத்துவாரத்து மணலைப் பற்றிப் பேசிக்கொண்டே. நான் வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு ஓடினேன். வியாபாரம் எங்கே போகிறது.

டாக்டரம்மா அத்திமரத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு முக்காலியை விரித்துக் குழாயைத் திருப்பினார். அதில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கடவுளே" என்றார் மெதுவாக. "ஊர் நடுவுல! இதை யாரு முதல்ல பாத்தது?"

படகுக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். எங்கே, எங்கே என்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தொலைநோக்கியில் குனிந்து "அடப்பாவி!" என்று நிமிர்ந்தார்கள். தொரிபியோ இரண்டு தடவை பார்த்தார்.

"கட்டைப்பட்சி. அப்ப இது அண்ணனுது" என்றார் அவர் சத்தமாக. வழக்கத்தை விட்டுக்கொடுக்காத ஆள். "எங்க இருந்தாலும் அண்ணனுதுதான். ஆத்துல ஒண்ணு, ஊருல ஒண்ணு. ஜோடி!"

"ஜோடியாத்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "நசாரியோ, வாங்க. உங்க பட்சியை நீங்களே எங்களுக்குக் காட்டுங்க. நீங்க காட்டுற மாதிரி யாராலயும் காட்ட முடியாது."

கசில்தா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உதடு அசைந்தது. என்ன வேண்டினாள் என்று எனக்குத் தெரியும்.

நசாரியோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். தொலைநோக்கியைக் கையால் தொட்டுப் பிடித்து, குனிந்து, கண்ணை வைத்தார். முகம் மலர்ந்தது.

"அம்மணி இங்க குடிவந்துட்டாளா!" என்றார். "என்கிட்ட சொல்லாமலே. பொம்பளைங்க எல்லாம் இப்படித்தான்."

சிரித்தார்கள். கசில்தா மூச்சை விட்டாள். அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. திருட்டுப்பயல், எல்லாம் தெரிகிறது இவனுக்கு என்று நானும் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் புனிதையை வெளியே எடுத்தார்கள். ஒரே சமயத்தில் நாலைந்து வாணங்கள் சுங்க மாளிகைக்கு நேர் மேலே வந்து வெடித்தன. தெருநாய்கள் ஊளையிட்டன, மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. அத்திமரத்தின் முறிந்த கிளை இறக்கையை விரித்தது. நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய பறவை. சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, பட்டப்பகலில் மஞ்சள் கண்ணை அகல விழித்துக்கொண்டு, தென்னைகளைத் தாண்டி ஆற்றுப்பக்கம் போய்விட்டது. எல்லோர் தலையும் அதோடு சேர்ந்து திரும்பியது.

ஒரு தலையைத் தவிர.

"யாரும் பயப்படாதீங்க" என்றார் நசாரியோ, கண்ணைக் குழாயிலிருந்து எடுக்காமலே. "வெடிக்கெல்லாம் இது அசையாது. எத்தனை வருஷமாப் பாக்குறேன். பாத்தீங்களா, ஒரு எறகு ஆடல. கட்டை மாதிரி நிக்குறா. நெஞ்சை மட்டும் பாருங்க. மேல, கீழ. எவ்வளவு நிதானமா மூச்சு விடுறா பாருங்க."

மணி நின்றுவிட்டது. டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். படகுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேர் நிற்கிறோம், ஒருத்தர்கூட இருமவில்லை. தொரிபியோ தொப்பியைக் கழற்றினார், கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப மாட்டிக்கொண்டார்.

கசில்தா நடந்து போய் அவர் பக்கத்தில் நின்று முதுகில் கை வைத்தாள்.

நசாரியோ பேசுவதை நிறுத்தினார். ஆற்றில் என்ஜினை அணைத்துவிட்டுக் கவனிப்பாரே, அப்படிக் கவனித்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"எப்ப பறந்துச்சு?" என்றார் அவளிடம், தணிந்த குரலில்.

"வெடிச்சப்பவே."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப்பக்கம்."

"நல்லது" என்றார். "அங்கதான் அவளுக்கு நல்லது."

பிறகு என்ஜினைக் கிளப்பும்போது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிறு, அது இல்லாமல் படகு ஓடாது, அதைக் கழற்றினார். சுருட்டி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"தொரிபியோ, பாறைக்கு நீ ஓட்டு. நான் முன்னாடி உக்காந்து பேசிட்டு வரேன். மெதுவாப் போ, டாக்டரம்மா ரொட்டி சாப்பிட்டிருக்காங்க."

அவர் கையை நீட்டிய பக்கத்தில் தொரிபியோ இல்லை. பறவை பறந்தபோது பின்வாங்கி, இந்தப் பக்கம் என்னருகில் வந்து நின்றிருந்தார். இங்கிருந்தே "இதோ இருக்கேன் அண்ணே" என்று சொல்லியிருக்கலாம். எதற்கெடுத்தாலும் கத்துகிற மனுஷன் அன்று வாயைத் திறக்கவில்லை. சரளைக்கல் சத்தம் போடாமல் அடிமேல் அடி வைத்து, எல்லோருக்கும் பின்னால் சுற்றிக்கொண்டு போய், அந்தக் கை நீண்டிருந்த இடத்துக்கு நேர் எதிரே நின்று, "குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டார்.